படம் பார்க்கக் கற்பித்தல்

கலை வரலாறு கண்ணால் கற்க வேண்டிய பாடமாயிருந்தும், அதைப் பெரும்பாலும் காதால் கற்பித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. காவிரிக் கரையில் ஓவியமும் சிற்பமும் பயில வந்த மாணவர்களுக்கு நான் ஆசிரியனாகப் பொறுப்பேற்றபோது, எங்கள் துறையின் ஐசுவரியம் முழுவதும் ஒரு மர அலமாரிக்குள் அடங்கியிருந்தது: பெர்ஸி பிரவுன் எழுதிய இந்தியக் கட்டடக் கலை நூலின் ஒற்றைப் பிரதி, சி. சிவராமமூர்த்தியின் நூல்கள் சில, நீலமும் பச்சையும் காலத்தால் வெளிறிச் செந்நிறம் மாத்திரம் எஞ்சிய ஸ்லைடுகள் ஒரு பெட்டி. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, புரொஜெக்டரின் விசிறி இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி, சிவந்துபோன அஜந்தாவைச் சுவரில் வீழ்த்தி, “இந்த இடம் உண்மையில் பச்சை” என்று சொல்லிக்கொடுத்தவர்கள் என் தலைமுறை ஆசிரியர்கள். மாணவர்களும் அதை விசுவாசத்தோடு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அந்த வறுமை நீங்கியதை என் தொழிற்காலத்திலேயே காணும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. 2011 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் 17 அருங்காட்சியகங்களோடு சேர்ந்து தன் கலைத் திட்டத்தைத் தொடங்கிற்று. மறு ஆண்டே புது தில்லியின் தேசிய அருங்காட்சியகமும் தேசிய நவீன கலைக்கூடமும் அதில் சேர்ந்தன. 2013இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கெட்டி அருங்காட்சியகமும், 2017இல் நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும், பதிப்புரிமைக் காலம் கடந்த தம் கலைப்பொருள்களின் படங்களை எவரும் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தன. மெட்ரோபாலிட்டன் அன்று திறந்துவிட்ட படங்கள் ஏறத்தாழ 3,75,000. சர்வகலாசாலை நூலகங்களிலும் காணக் கிடைக்காத சம்பத்து, கும்பகோணத்துக்கு அப்பால் ஒரு கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மாணவனின் கைபேசியில் வந்து இறங்கிற்று. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆயினும் படப் பஞ்சம் தீர்ந்த வகுப்பறையில் வேறொரு சிரமம் தலைகாட்டிற்று. ஓர் ஓவியத்தின் பெயரைத் தேடுமிடத்தில் எழுதி, முதலில் வந்த படத்தை எடுத்துக் கட்டுரையில் ஒட்டிவிடும் வழக்கம் மாணவர்களிடையே பரவிற்று. அப்படி ஒட்டப்பட்ட படங்களிலே வலம் இடமாகப் புரண்டவை உண்டு, ஓரம் வெட்டப்பட்டவை உண்டு, மூலத்தில் இல்லாத வர்ணம் ஏறியவையும் உண்டு. இதற்கு ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தின் அனுபவத்தைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது. அங்கே உள்ள வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ என்ற ஓவியத்துக்கு இணையத்தில் 10,000க்கு மேற்பட்ட பிரதிகள் உலவின. அவற்றுள் மிகப் பல மஞ்சள் பூத்தவை. மஞ்சள் படத்தையே பார்த்துப் பழகிய ஜனங்கள், அருங்காட்சியகத்தின் கடையிலே விற்ற சரியான அஞ்சலட்டையை நம்ப மறுத்தார்கள். பொய்ப் படங்களைத் துரத்திக்கொண்டு போவதைவிட மெய்ப் படத்தை எல்லோருக்கும் கொடுத்துவிடுவதே உத்தமமான பரிகாரம் என்று தெளிந்த அந்த ஸ்தாபனம், 2012இல் 1,25,000 படைப்புகளின் தெளிவான படங்களை இணையத்தில் வைத்தது. இந்தச் செய்தியை ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் சொல்லிவிட்டு, ஒரு நியமத்தை விதிப்பேன்: படம், அந்தப் பொருளை வைத்திருக்கும் ஸ்தாபனத்திலிருந்தே வர வேண்டும், அதன் கீழே படைத்தவர், ஆண்டு, பொருள், அளவு, இருக்குமிடம் ஆகிய ஐந்தும் மாணவனின் கையெழுத்தில் இருக்க வேண்டும்.

இந்த ஐந்தில் அளவு என்பதைத்தான் மாணவர்கள் அலட்சியமாக எழுதுவார்கள். நான் மிகுந்த நேரம் செலவிட்டதும் அதன்பொருட்டே. திரையானது தன்மேல் வந்து விழும் எல்லாவற்றையும் தன் உயரத்துக்கே ஆக்கிவிடுகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் முத்திரைக் கல்லும், சுவர் முழுவதும் பரந்த திரைச்சீலையும், தஞ்சைப் பெரிய கோயிலின் விமானமும் அங்கே ஒரே அளவாக நிற்கின்றன. ஆகவே பழைய செய்தித்தாள்களைக் கொண்டுவரச் செய்து, ஓவியங்களின் உண்மையான அளவுக்கு அவற்றை வெட்டியும் ஒட்டியும் வகுப்புச் சுவரில் பதிக்கச் சொன்னேன். மோனா லிஸா 77 செண்டிமீட்டர் உயரமும் 53 செண்டிமீட்டர் அகலமுமாகச் சுவரில் ஏறினாள். உருகி வழியும் கடிகாரங்களை வரைந்த டாலியின் பிரசித்தி பெற்ற ஓவியத்துக்கு 24 செண்டிமீட்டர் உயரமும் 33 செண்டிமீட்டர் அகலமுமான ஒரு துண்டுக் காகிதமே போதுமானதாயிருந்தது. “சார், இது இவ்வளவுதானா?” என்று கேட்ட பெண்ணிடம், பக்கத்தில் பிக்காஸோவின் குவெர்னிகாவை ஒட்டும்படி சொன்னேன். அதற்கு 3.49 மீட்டர் உயரமும் 7.77 மீட்டர் அகலமும் வேண்டும். தாள் சுவரைக் கடந்து கதவையும் மூடிக்கொண்டு மூலை திரும்பியபோது, குண்டு வீசி அழிக்கப்பட்ட ஓர் ஊரின் அலறலைச் சொல்ல அந்த ஓவியன் ஏன் அத்தனை பெரிய துணியை எடுத்துக்கொண்டான் என்ற கேள்வியை நான் எழுப்ப வேண்டியிருக்கவில்லை, அவர்களே எழுப்பினார்கள். இன்றளவும் கலை வரலாற்று ஆசிரியர் எவரேனும் என்னிடம் யோசனை கேட்டால், இணையத்தின் எந்தச் சாளரத்தையும் திறக்குமுன் பழைய செய்தித்தாளும் பசையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்லிவருகிறேன்.

அளவைப் போலவே தூரமும் திரையில் தொலைந்துவிடுகிறது. ரெம்பிராண்ட் வரைந்த ‘இராக் காவல்’ என்ற மாபெரும் ஓவியத்தை 71,700 கோடிப் புள்ளிகள் கொண்ட ஒரே படமாக ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தார் 2022 ஜனவரியில் வெளியிட்டார்கள். வர்ணத் துகளின் வெடிப்பு வரையில் உள்ளே புகுந்து பார்க்கலாம். ஓவியம் பயில்பவனுக்கு இது அரிய கல்வி. தூரிகை எங்கே அழுந்திற்று, வர்ணம் எங்கே திரண்டு நின்றது என்பதெல்லாம் பிரத்தியட்சமாகத் தெரிகிறது. ஆனால் ரெம்பிராண்ட் அந்தக் கூட்டத்தின் ஒளியையும் நிழலையும் அமைத்தது, கூடத்தில் சில அடிகள் விலகி நிற்பவனுடைய கண்ணுக்காக. எனவே முதலில் முழுப் படம், வெகு நேரம். பிறகு ஒரு பகுதி. அப்புறந்தான் துகள் என்ற கிரமத்தை மீற நான் யாருக்கும் அனுமதி கொடுத்ததில்லை.

எழுத்து வடிவான விளக்கங்களில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் கலை வரலாற்றுக் காலவரிசையைக் காட்டிலும் நம்பத் தகுந்தவை சிலவே. பேச்சு வடிவில் எனக்கு மிகவும் உபகாரமாயிருந்தது பெத் ஹாரிஸ், ஸ்டீவன் ஸக்கர் என்ற இரண்டு ஆசிரியர்கள் 2005இல் தொடங்கிய ஸ்மார்ட் ஹிஸ்டரி. அவர்கள் பிரசங்கம் செய்வதில்லை. ஒரு படைப்பின் முன்னே நின்று இருவரும் சம்பாஷிக்கிறார்கள். ஒருவர் கண்டதை மற்றவர் மறுக்கிறார், அல்லது மேலே கொண்டுபோகிறார். நான் அந்த ஒலிப்பதிவுகளை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டியதோடு நில்லாமல், முறையையே எடுத்துக்கொண்டேன். இரண்டிரண்டு பேராகத் தாராசுரத்துக்கு அனுப்பி, ஒரு சிற்பத்தின் முன்னே நின்று தமிழில் பேசிக் கைபேசியில் பதிவு செய்துவரச் சொன்னேன். தலபுராணத்தைச் சொல்லக் கூடாது, அரசன் பெயரைச் சொல்லக் கூடாது, கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. முதல் இரண்டு நிமிஷம் தடுமாறுவார்கள். அதன் பிறகு, “அந்தக் கால் ஏன் அப்படி மடங்கியிருக்கிறது?” என்று ஒருவர் கேட்பார், அங்கிருந்து பாடம் பிறந்துவிடும்.

இனிக் கட்டடக் கலைக்கு வருகிறேன். இதுவே என் மனத்துக்கு மிக நெருங்கிய விஷயம். ஓவியத்துக்கு ஒரு முகந்தான் உண்டு. கோயிலுக்கோ நான்கு திசைகளும், அடியிலுள்ள உபபீடம் முதல் உச்சியிலுள்ள ஸ்தூபி வரையில் அடுக்கடுக்காக அங்கங்களும் உண்டு. சுற்றுலாப் பயணிகள் எடுத்து இணையத்தில் குவித்திருக்கும் படங்களில், மாலை வெயிலில் பொன் பூத்த கோபுரம் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். அடித்தளமாகிய அதிஷ்டானத்தின் ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை ஆகியவை நேர்முகமாகத் தெரியும்படி ஒரு படம் தேடினால் கிடைப்பது துர்லபம். நான் திசை தெரியாமல் நின்ற அந்தச் சமயத்தில் கை கொடுத்தவை இரண்டு சேகரங்கள். ஒன்று, 1956 முதல் தென்னாட்டுக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்துவந்த புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள், மற்றொன்று, எம். ஏ. தாகியும் மைக்கேல் மெய்ஸ்டரும் தொகுத்த இந்தியக் கோயிற்கட்டடக் கலைக் களஞ்சியத்துக்கு ஆதாரமாக நின்ற அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் படச் சேகரம். இவற்றை எடுத்தவர்களுக்கு அழகு காட்டும் நோக்கமில்லை. அங்கம் காட்டுவதே நோக்கம். கறுப்பு வெள்ளையில், பக்கவாட்டு வெளிச்சத்தில், ஒவ்வொரு வரியும் நிழல் விழத் தெரியும் அந்தப் படங்களே பாடசாலைக்கு உகந்தவை.

அவற்றைக் கொண்டு நான் நடத்திய பாடங்களில் மாணவர்கள் மறவாதது போதிகைப் பாடம். தூணின் தலையில் அமர்ந்து உத்தரத்தைத் தாங்கும் அந்தச் சிறிய உறுப்பு, நூற்றாண்டுகள் தோறும் உருமாறி வந்திருக்கிறது என்பதைத் தெளிவாக நிலைநாட்டியவர் புதுச்சேரியில் ஆசிரியராயிருந்த ஜூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர். 1914இல் பிரெஞ்சில் வந்தது அவருடைய பெருநூல், 1917இல் எஸ். கிருஷ்ணஸ்வாமி ஐயங்கார் பதிப்பித்த அவருடைய சிறிய ஆங்கில நூலான ‘திராவிடக் கட்டடக் கலை’, இன்று இணைய ஆவணகத்தில் எவரும் இறக்கிக்கொள்ளக் கிடக்கிறது. பல்லவர் காலத்துப் போதிகை வளைந்து, அலை அலையான தரங்கங்களோடு, நடுவே ஒரு பட்டை ஓடக் காணப்படும். சோழர் காலத்தில் அது சாய்வாக வெட்டுண்டு, நடுவில் ஒரு முனை நீட்டி நிற்கும். பின்னர் அந்த முனை அலங்காரம் பெற்று, விஜயநகர காலத்தில் கவிழ்ந்த தாமரை மொட்டாகத் தொங்கத் தொடங்கும். நாயக்கர் மண்டபங்களில் அம்மொட்டு நீண்டு பருத்து, தூணை விட்டு வெகுதூரம் முன்னே வந்துவிடும்.

பெயரும் ஊரும் மறைத்த போதிகைப் படங்களைச் சீட்டுகளாக அச்சிட்டு மேஜையில் பரப்பி, கால வரிசையில் அடுக்கச் சொல்வேன். பேச்சு இருக்காது, கை மட்டும் நகரும். சில வாரங்களில், கட்டடக் கலையைப் பற்றி ஒரு நூலும் வாசித்திராத மாணவன், தன் ஊர்க் கோயிலில் விமானம் சோழர் காலத்ததென்றும் முன் மண்டபம் பிற்காலத்ததென்றும் தானே கண்டுபிடித்துக்கொண்டு ஓடிவருவான். அப்படி வந்த ஒருவன், மண்டபத்தின் அடியில் மிகப் பழைய எழுத்துகள் இருப்பதாகவும் தூணோ புதியதாயிருப்பதாகவும் கலங்கி நின்றான். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளும் இணையத்தில் இருக்கின்றன. இருவரும் சேர்ந்து தேடினோம். பழைய கற்களை எடுத்துப் புதிய கட்டடத்தில் மறுபடியும் அடுக்கும் வழக்கம் நம் நாட்டில் உண்டு என்பதையும், ஒரே லக்ஷணத்தை நம்பி ஒரு கட்டடத்துக்கு வயது சொல்லிவிடலாகாது என்பதையும் அவன் அந்த வாரம் கற்றுக்கொண்டது, நான் ஒரு பருவம் முழுவதும் பிரசங்கித்திருந்தாலும் கைகூடியிராது.

திரையில் காண்பது நேரில் காண்பதற்கு ஈடாகுமா என்று என்னைக் கேட்பவர்கள் பலர். பெரும்பாலும் ஆகாது, கல்லின் குளிர்ச்சியும் மண்டபத்து இருளும் திரைக்கு அந்நியமானவை. ஆயினும் நேரில் காண இயலாததைத் திரையே காட்டும் இடங்கள் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றியுள்ள உள்நடையில், நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அந்த நடைக்குள் பொது ஜனங்களுக்கு அனுமதி இல்லை. அனுமதி பெற்று நுழைந்தவரும் பின்வாங்கி நின்று முழு ஓவியத்தையும் ஒருங்கே பார்க்க அந்த ஒடுக்கமான இடம் விடாது. கூறு கூறாக எடுத்து இணைக்கப்பட்ட படத்தில்தான் சுந்தரர் யானைமேல் கயிலை செல்லும் காட்சி ஒரே பார்வையில் அகப்படுகிறது. அதே கோயிலின் அதிஷ்டானக் கல்வெட்டுகளை 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி படம்பிடித்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அந்நாளைய பெரும் உழைப்பு அது. இன்று என் மாணவர்கள் கைபேசியால் செய்யும் இணைப்புப் படங்களுக்கு மூதாதை என்று சொல்லத் தகும்.

சிதறிப்போனதை ஒன்றுசேர்ப்பதிலும் இணையத்துக்கு நிகரில்லை. அமராவதி ஸ்தூபியின் சுண்ணாம்புக் கற்களில் ஒரு பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்திலும், மற்றொரு பகுதி இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. ஒரே ஸ்தூபியைத் தழுவி நின்ற கற்களை இரண்டு கண்டங்களில் தேட வேண்டிய நிலையில், எழும்பூரில் மாணவர்கள் வரைந்த கோட்டோவியங்களையும் இலண்டன் சேகரத்தின் படங்களையும் ஒரே மேஜையில் வைத்து, ஸ்தூபியின் உருவத்தை ஊகிக்க முயல்வது எங்கள் வழக்கமாயிற்று.

பாஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இந்தச் சம்பத்து அனைத்தும் ஏறக்குறைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது. தமிழ் வழியில் படித்துவந்த பிள்ளைகள், கண் முன்னே தங்கள் ஊர்க் கோயில் தெரிந்தும் அதன் விளக்கம் விளங்காமல் தலை குனிகிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இதில் மிகுந்த ஆறுதல். ஆனாலும் படத்தின்மேலேயே அங்கங்களின் பெயர்களைத் தமிழில் குறித்த பாடப் படங்கள் போதிய அளவில் இல்லை. ஒரு ஸ்தபதியாரை வகுப்புக்கு அழைத்து வந்து, திரையில் தெரியும் பிரஸ்தரம் என்னும் அங்கத்தை அவர் கோலால் தொட்டுக் காட்ட, மாணவர்கள் பெயர்களை எழுதிக்கொண்டார்கள். “இது கபோதம் தம்பி, இந்த வளைவுக்கு அளவு உண்டு, இஷ்டப்படி வளைக்க முடியாது” என்று அவர் சொன்ன நாள் எங்கள் வகுப்பின் நல்ல நாள்களில் ஒன்று. அப்படி உருவான பெயர்ப் பட்டியலே இன்றும் எங்கள் பாடநூலாயிருக்கிறது.

இவ்வளவையும் சொன்னபின், ஒழுங்காக எடுக்கப்பட்ட சாதாரணமான ஒரு புகைப்படத்தின் மதிப்பைப் பற்றிய செய்தியை விட்டுவிட என்னால் இயலவில்லை. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன நடராஜர் திருமேனி, 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டது. அது அந்தக் கோயிலின் திருமேனியே என்பதை நிலைநாட்ட உதவியவை, புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் களவுக்கு முன்பே ஆராய்ச்சிக்காக எடுத்து வைத்திருந்த படங்கள். 2014 செப்டம்பரில் அந்த நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். படமெடுத்தவர் எவரும் அன்று திருடனைப் பிடிக்க நினைத்துப் படமெடுக்கவில்லை. ஊர், தேதி, முன்புறம், பின்புறம் என்று கிரமமாகச் செய்த வேலை அது.

ஆகவே தமிழ்நாட்டின் ஓவிய, சிற்ப, வரலாற்று ஆசிரியர்களுக்கு நான் வைக்கும் விண்ணப்பம் ஒன்று உண்டு. பிறர் திறந்துவைத்த பண்டாரங்களிலிருந்து இத்தனை காலம் எடுத்துக்கொண்ட நாம், நம் பங்குக்குச் சிறிதேனும் உள்ளே வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு பிரசித்தி பெறாத கோயிலை மாணவர்களோடு தேர்ந்துகொள்ளுங்கள். உரியவரின் அனுமதி பெற்று, நான்கு திசைகளிலும், உபபீடம் முதல் ஸ்தூபி வரையில், அளவுகோல் பக்கத்தில் தெரிய நேர்முகமாகப் படமெடுங்கள். 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றம் இட்ட உத்தரவுக்குப் பின் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை உண்டு. அங்கே பென்சிலாலும் அளவு நாடாவாலும் வரைந்தெடுங்கள், அது இன்னும் நல்ல கல்வி. பிறகு ஊர், தேதி, அங்கத்தின் பெயர் ஆகியவற்றைத் தமிழில் எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளும் உரிமத்தோடு விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றிவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. ஒரு வகுப்பும் ஒரு சனிக்கிழமையும் இருந்தால் தொடங்கிவிடலாம்.